ஒரு துண்டு வாளைக் கருவாடு

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டு வாளைக் கருவாட்டு வாசனை போகவில்லை. போகவும் வேண்டாம். உன் மகள் வீட்டில் சாப்பிட்ட கை இது, ஆறு வருஷத்துக்கு அப்புறம். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, அவ்வளவு அவசரம் எனக்கு.

நான் எதையும் மறப்பவள் இல்லை, உனக்கே தெரியும். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓர்ப்படிகள் நாம். நீ இரவல் வாங்கி நசுக்கிக் கொடுத்த பித்தளை அண்டா இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறது. அது வேறு வழக்கு. இது கருவாட்டு வழக்கு.

உன் மார்பில் வந்த கட்டி ஊசி போடப் போடக் கரைந்தது. டாக்டரே சிரித்த முகத்தோடு அனுப்பினார். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கரும்புக் கொல்லைகளைப் புதிதாகப் பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டே வந்தாய். பத்தியம் வைத்தது நான். கருவாடு கூடாது, கத்தரிக்காய் கூடாது. நீ ஆசைப்பட்டாய் என்று உன் மகள் ஒருநாள் வாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். சட்டியோடு பிடித்தேன். சில மாதத்தில் கட்டி திரும்பி வந்தது. முதலில் கேட்ட மருந்து இந்தமுறை கேட்கவில்லை.

"ஒரு துண்டுதான் துன்னேங்க்கா. ஒரு துண்டுக்கா இது?" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ போனபின், கருவாடு வைத்துத் தாயைக் கொன்றவள் என்று உன் மகளை ஊரெல்லாம் சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள். அவள் அடுப்பில் அப்புறம் கருவாடு ஏறவேயில்லை.

போன வாரம் என் பேத்தி வந்தாள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை அவளுக்கு. அவளிடமும் இந்தக் கதையை ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"கருவாட்டுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல ஆயா. மருந்து நோய் செல்லு மேல இருக்கற ஒரு அடையாளத்தப் பாத்துதான் அடிக்கும். சில செல்லுங்க அந்த அடையாளத்த வுட்டுட்டு வேற மாதிரி மாறிக்கும். வளராம பதுங்கிக்கினு இருந்து, அப்பறமா பெருகும். அத எப்படித் தடுக்கறதுன்னுதான் நாங்க பாத்துக்கினு இருக்கோம்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் அவளோடு சண்டை.

இன்று காலை, காற்றில் சாய்ந்த கரும்பைத் தூக்கிக் கட்டக் கொல்லைக்குப் போனேன். மண்ணில் பட்ட கணுக்களில் எல்லாம் வேர் இறங்கியிருந்தது. நிமிர்ந்து நின்றவரை அந்தக் கணுக்கள் வேர் விட்டதில்லை. சாய்ந்ததும் அதே கரும்பு வேலையை மாற்றிக்கொண்டது. யாரும் வந்து அதற்குக் கருவாடு ஊட்டவில்லையே. வரப்பிலேயே உன் பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன்.

நேரே கடைக்குப் போய்க் கருவாடு வாங்கி, உன் மகள் வாசலில் நின்று, "கொழம்பு வையி, பசிக்குது" என்றேன். பொட்டலத்தையே பார்த்தாள்.

"அம்மாவுக்கு வெச்ச மாதிரியா, பெரிம்மா?"

"அதே மாதிரி."

பேத்தி சொன்னதையும் கரும்பையும் சொன்னேன். புளி கரைத்த கையோடு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. இரண்டு முறை சோறு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

என் பகை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அது இப்போது வேஷம் மாற்றும் அந்தச் செல்லின்மேல் இருக்கிறது. பேத்தி அதைப் பிடிக்கும்வரை அவளையும் விடமாட்டேன்.

அன்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இல்லடி. ஒரு சட்டி தின்றிருந்தாலும் இல்லை.