வயலைப் பார்த்திருந்த மண்

அக்கா,

இன்று காலை உங்கள் மண்கட்டியில் தண்ணீர் தெளித்தேன். அடுக்களை முழுக்க வயல் வாசனை வந்துவிட்டது. உழுது தண்ணீர் கட்டிய மறுநாள் வரப்பில் நின்றால் வருமே, அதே வாசனை. உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சாக்கடை எதுவும் அடைச்சுக்கிச்சா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீங்களாக இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

ஏன் இத்தனை வருடம் கழித்துத் தண்ணீர் என்று கேட்பீர்கள். உங்கள் மகள் கயல் கேட்டுவிட்டாள் அக்கா.

போன வாரம் பெங்களூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. அதில் துணி விரித்து மெழுகுவத்தி, கிண்ணத்தில் தண்ணீர், ஒரு பறவை இறகு. "இது என்னோட பீடம் சித்தி" என்றாள். விக்கா என்று ஒரு வழிபாடாம். கோயில் கிடையாது, பூசாரி கிடையாது. நிலவையும் பருவங்களையும் மண்ணையும் தண்ணீரையும் கும்பிடுவார்களாம். அவரவர் வீட்டில் அவரவருக்கென்று ஒரு பீடம். நெருப்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்துவிட்டன, மண்தான் பாக்கி என்றாள்.

"கடையில பூந்தொட்டி மண்ணு வாங்கி வச்சுப் பாத்தேன். மனசு ஒட்டல. நம்ம ஊரு மண்ணு ஒரு பிடி அனுப்ப முடியுமா சித்தி?"

நான் போனை அப்படியே வைத்துவிட்டு உங்கள் மண்கட்டியைப் பார்க்க உள்ளே ஓடினேன். சிக்னல் போய்விட்டதென்று அவள் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள்.

நீடாமங்கலம் பக்கத்து அந்த வீட்டுக்கு உங்கள் கொழுந்தன் மனைவியாக நான் வந்தபோது, அங்கே கை கூப்ப ஓர் இடம் கிடையாது. நம் மாமனார் சுயமரியாதைக்காரர். ஐயர் இல்லாமல், மாலை மாற்றவைத்துத்தான் நம் இருவரையும் மருமகள்களாக்கினார். கடைக்காரர் கொடுக்கும் காலண்டரில் சாமி இருந்தால் மேல் பாதியைக் கிழித்துவிட்டுத் தேதியை மட்டும் ஆணியில் மாட்டுவார். நானோ வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். வேறு வழி தெரியாமல் கொஞ்ச நாள் அடுப்பைக் கும்பிட்டேன்.

அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு குதிர் அறைக்குள் கூட்டிப் போனீர்கள். நெல் நிறைந்த குதிர்களுக்குப் பின்னால், வயல் தெரிகிற சின்ன ஜன்னலுக்குக் கீழே, கவிழ்த்து வைத்த ஒரு மரக்கால். அதன்மேல் ஒரு பிடி வயல் மண், ஈரத்தோடு. பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் நிறைந்த செம்பு, ஓர் அகல், வேப்பங்கொத்து. நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்ப்பார்களா, குடும்பத்துக்கு ஆகாதே என்று நான் பதறினேன்.

"அதெல்லாம் நம்புறவங்க வீட்டுலதாண்டி பலிக்கும். இது மாமா வீடு" என்றீர்கள்.

மறுநாள் நான் ஆசையாகப் போய் அந்த மண்ணுக்குக் குங்குமம் வைத்தேன். நீங்கள் முந்தானையால் துடைத்துவிட்டீர்கள். "பொட்டு வச்சா சாமி ஆயிடும். சாமி ஆயிட்டா மாமா தூக்கி வெளியில போட்டுருவாரு. மண்ணாவே இருக்கட்டும்."

"அப்ப இது யாருக்குக்கா?"

"எனக்குத்தான். ஆம்பளைங்க நிக்கிறதுக்கு மேடை இருக்கு, மைக்கு இருக்கு. எனக்கு நிக்க ஒரு இடம் வேணாமா?"

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால், நாற்று விட்டால், கதிர் வாங்கினால் அந்த மண்ணுக்கும் தண்ணீர் தெளிப்பீர்கள். பிறகு விரல்களால் ஒரு பக்கத்தை அழுத்துவீர்கள். விரல் பதிந்த பக்கம் எப்போதும் வயலைப் பார்த்திருக்கும்.

அந்த வயல் நமக்குக் குத்தகைதான். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் எதிரே போகிற குத்தகைக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாமா கட்டமாட்டார். உழுகிறவர் பெயரைப் பதிய வேண்டும் என்று சர்க்கார் சொன்னபோது ஊர் ஊராகப் போய் அதைப் பேசியவர் அவர். ஆனால் நம் பெயரைப் பதியத்தான் மிராசுதார் விடவில்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போய் இழுத்தது. தீர்ப்பு வருவதற்கு முன்னால் மிராசுதாரின் காரியக்காரர் வந்து வாசலில் நின்றார்.

"நீங்க ஒரு தடவை துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வந்து நின்னாப் போதுமாம். பாதி நிலத்தை உங்களுக்கே விட்டுடுறேன்னு மிராசுதார் சொல்றாரு."

"துண்டு தோள்லதான் இருக்கும்னு சொல்லிடுங்க" என்றார் மாமா. அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நாம்தான் குதிர் அறையில் பேசிக்கொண்டோம். போய் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "வயல் போயிட்டா இந்த மண்ணுக்கு அர்த்தமே இல்லடி" என்று நீங்கள் மெல்லச் சொன்னீர்கள்.

தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்ற சமயத்தில் கோர்ட்டு அமீனா போலீஸோடு வந்து நிலத்தை எடுத்து மிராசுதாரிடம் ஒப்படைத்தார். நாம் நட்ட நெல்லை வெளியூர் ஆட்கள் அறுத்தார்கள். குறுக்கே போய் நின்ற உங்கள் வீட்டுக்காரரையும் என் வீட்டுக்காரரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

உச்சி வெயிலில் மாமா வீட்டுக்குத் திரும்பினார். யாரிடமும் பேசாமல் நேரே குதிர் அறைக்குள் போனார். அங்கே என்ன இருக்கிறதென்று அவருக்கு எப்போதிலிருந்து தெரியுமோ. நாம் பின்னாலேயே ஓடினோம். மரக்காலை எட்டி உதைக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் ஜன்னல் வழியாக, ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்த வயலைப் பார்த்தார். பிறகு அந்த மண்ணைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அழவில்லை. செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தீர்கள்.

"சாமிக்கு இல்லம்மா" என்றார். கொஞ்சம் தண்ணீரை மண்மேல் ஊற்றிவிட்டு, "காயவிடாத" என்றார். துண்டு மறுபடி தோளுக்குப் போய்விட்டது. அதன்பிறகு சாகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

தஞ்சாவூருக்கு வந்து வாடகை வீட்டில் குடியேறினோம். மண்ணை நீங்கள் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தீர்கள். மாமா சொன்னதை மீறிக் காயவிட்டீர்கள். இங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான், எதைப் பார்க்க வைப்பது என்று கேட்டீர்கள். கயல் பிறந்தது அதற்கு அப்புறம். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் அந்தத் துணி மூட்டையை என் மடியில் வைத்தீர்கள். "கயலு கேக்காமக் குடுக்காத. கேட்டா பாதி குடு."

"அதென்னக்கா பாதி?"

"மீதி உனக்கு. நீயுந்தானே நாத்து நட்ட."

நம் வயல் இப்போது கல் நட்ட வீட்டு மனைகள். செம்மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். அந்த வயலில் மிச்சம் இந்தக் கட்டி ஒன்றுதான். கேட்காமலே போய்விடுவாளோ, என்னோடு இதுவும் குப்பைக்குப் போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

நேற்று கயலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னல் போய்விட்டதென்று இந்த முறை நான் ஹலோ ஹலோ என்றேன்.

"அம்மா எதையுமே கும்பிட்டு நான் பாத்ததில்லையே சித்தி" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "மண்ணை வடக்குப் பக்கம் வைக்கணுங்கிறது எங்க முறை."

"உங்கம்மா வயலைப் பாத்து வச்சிருந்தாங்க."

"இங்கேருந்து வயல் எந்தப் பக்கம் சித்தி?"

தெற்கும் கிழக்கும் சேருகிற மூலை என்று சொன்னேன். அங்கே இப்போது வயல் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேஜையை இழுக்கிற சத்தம் போனில் கேட்டது.

இன்று காலை ஈரத்தில் கட்டியை இரண்டாகப் பிட்டேன். உங்கள் விரல் பதிந்த பாதி கயலுக்கு. காய்ந்ததும் அனுப்ப வேண்டும். கொடுக்க மனசே இல்லை அக்கா, ஆனாலும் அது அவளுக்குத்தான் சேரும். என் பாதி மொழுமொழுவென்று மொட்டையாக இருந்தது. அடுக்களை மேடையில் வைத்து, ஈரம் போவதற்குள் என் விரல்களை அழுத்தினேன். தஞ்சாவூரிலிருந்து நம் வயல் கிழக்கே. கிழக்கே பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். இனிமேல் காயவிடமாட்டேன்.