என் டோலக்கும் குமாரு லேப்டாப்பும்

12.2.2006, ஞாயிறு

படுத்தா தூக்கம் வரல. குமாரு மேல சந்தேகமாவே கீது.

இன்னிக்கு திருவொற்றியூர்ல ஒரு கல்யாண ரிசப்ஷன்ல எங்க கச்சேரி. ட்ரூப்ப நடத்துற குமாரு, போன மாசத்துல இருந்து ஒரு லேப்டாப்பைத் தூக்கிகினு வர்றான். "வயலின் சத்தத்துக்கு மட்டும்தான் மாமு, உன் டோலக்க யாரு தொடப்போறாங்க"ன்னான். அதை சவுண்டு மிக்சர்ல சொருவுனதும் ஸ்பீக்கர் பாக்ஸ்ல ஒரே இரைச்சல். சார்ஜரைப் புடுங்குனதும் இரைச்சல் நின்னுச்சு. சரி, பேட்டரியிலயே ஓடட்டும்னு வுட்டான்.

ஒரு பாட்டு நடுவுல பேட்டரி தீந்து லேப்டாப் அணைஞ்சிச்சு. வயலின் நின்னுச்சு. கூடவே டோலக் சத்தமும் நின்னுச்சு. என் கை அடிச்சிகினுதான் கீது! சனம் மொத்தமும் என்னையே பாக்குது. அப்புறம் போயி மிக்சரைப் பாத்தா, என் மைக் சத்தத்தை அடியோட எறக்கி வச்சிருக்கானுங்க.

கேட்டா, "ஒயர் லூசு மாமு"ன்றான். லேப்டாப் அணையிற அதே நேரம் பாத்தா ஒயர் லூசாவும்?

போன மாசம் வியாசர்பாடில கச்சேரி முடிஞ்சதும் ஒரு பெரியவர் மேடையேறி வந்து, "இன்னா அடி அடிச்ச நைனா"ன்னு என் ரெண்டு கையையும் புடிச்சிகினாரு. வூட்ல வந்து எல்லாருகிட்டயும் சொன்னேன்.

அன்னிக்கும் மேடையில அந்த லேப்டாப் இருந்துச்சு.