ஏழாவது கோழி

3 மார்ச் 1937
ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ஆறு கோழிகளுக்கு நான்தான் சமையல்காரன். காலை முடக்கும் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சி. கால் விழும்வரை தீட்டிய வெள்ளை அரிசி மட்டும், பிறகு குணமாகத் தவிடு. மே மாதம் உயிர் வேதியியல் தேர்வு. தேறினால் உதவி ஆய்வாளர். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கச் சோதனைக்குழாய் கழுவ வேண்டியதுதான்.

9 மார்ச்
உயிரணு சீனியை எரித்துத்தான் பிழைக்கிறதாம். மூளையும் அப்படியே. எனவே இன்றுமுதல் எனக்கு வெள்ளைப் பச்சரிசிச் சோறு, சீனி, டின் பால். மீனும் பருப்பும் தூக்கம் வரவழைக்கின்றன. ஹபீபாவின் புழுங்கல் சோற்று வாடை படித்தவன் சட்டைக்கு ஆகாது.

“வெறும் சோத்துல சீனியா? பச்சப்புள்ளகூட இப்படித் தின்னாது லா!” என்றாள். என் மனைவிக்கு உயிரணுவைப் பற்றி என்ன தெரியும்?

2 ஏப்ரல்
நான்கு கோழிகள் விழுந்துவிட்டன. தவிட்டுச் சத்து இல்லாவிட்டால் சீனி பாதி எரிந்து நின்றுவிடுகிறது. மிச்சம் பைருவிக் அமிலமாக இரத்தத்தில் தேங்குகிறது. தேர்வுக்காக இதை மூன்று பக்கம், பிசகில்லாமல் எழுதிப் பார்த்தேன். கால் மரத்துப்போயிற்று. நாற்காலி சரியில்லை.

20 ஏப்ரல்
பக்கத்து மேசை கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரன், “என்ன காணும், கோழி மாதிரி நடக்கிறீர்?” என்கிறான். பொறாமை.

செருப்பு இறுக்குகிறது. புதிது வாங்க வேண்டும்.

11 மே
வாய்மொழித் தேர்வு. சிங்கப்பூரிலிருந்து வந்த துரை, பெரிபெரியை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார்.

“குந்தி எழச் சொல்வேன், ஐயா. நோயாளியால் முடியாது.”

“செய்து காட்டு.”

குந்தினேன்.

எந்திரிக்க முடியல. ஐயோ, கையை ஊன்றியும் முடியல! துரை குனிந்து என் கணுக்காலை அழுத்தினார். விரல் பட்ட பள்ளம் அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

12 மே
வார்டில் படுக்கை. தவிட்டுக் கஞ்சி — கோழிகளின் அதே மூட்டையிலிருந்து.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இதையும் எழுத்துத் தேர்வு விடைத்தாளில் எழுதியிருக்கிறேன், அடிக்கோடு போட்டு.

18 ஜூன்
தேறிவிட்டேன். வாய்மொழித் தேர்வில் செய்முறைக்கு முழு மதிப்பெண். வேறு யாரும் இவ்வளவு உண்மையாகச் செய்து காட்டியிருக்க மாட்டார்கள்.

ஹபீபா இரண்டாவது அகப்பை புழுங்கல் சோறு வைத்தாள். கேட்டு வாங்கியது நான்தான்.

ஆய்வுக் குறிப்பேட்டில் ஆறு கோழிகளுக்குக் கீழே, ஏழாவதாக, கார்த்திகேசு என் பெயரை எழுதி வைத்திருக்கிறான். அழிக்கப் பேனா எடுத்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பெயருக்கு எதிரே காலியாக இருந்த முடிவுக் கட்டத்தை நிரப்பினேன்: குந்தினான். எழுந்தான்.