இரண்டாம் எதிரி வீட்டிலேதான் இருக்கிறாள்

2025 ஜூன் 9, திங்கள்

மனகோலம் மூன்று டின், சீப்பு சீடை இரண்டு, தேன்குழல் ஒன்று. வியாழக்கிழமை பள்ளத்தூர் அசன் முகம்மது அண்ணன் கம்போடியாவுக்குப் போகிறார். மகள் ரிஹானாவும் மருமகனும் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். இங்கே யார் விமானம் ஏறினாலும் தெரிந்தவர்கள் சாமானெல்லாம் அவர் பெட்டியில் ஏறிவிடும். டின் கட்டுவது என் வேலை. பலகாரத்துக்கு நடுவில் வைக்கச் சொல்லி அவரவர் ஒரு பொட்டலமும் தருவார்கள். மூக்குக் கண்ணாடி, மாத்திரை, தாயத்து, எதுவாகவும் இருக்கும். நான் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தால் கொடுத்தவர்களுக்கு மரியாதைக் குறைவு. காரைக்குடியில் இத்தனை பேர் பலகாரம் போடும்போது என்னிடம் தேடி வருவதே அதற்காகத்தான். நீலாயதாட்சி என்ன ஏது என்று கேட்க மாட்டாள்.

அண்ணன் மனைவி பர்வீன் மதினி பேத்திக்கு ஏதோ காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். சாயங்காலம் என் தம்பி பாண்டீஸ்வரனும் ஒரு பொட்டலத்தோடு வந்தான். சோப்பு டப்பா அளவு. சிநேகிதன் ஒருத்தன் வந்து வாங்கிக்கொள்வானாம். மனகோலத்துக்கு அடியில் வைத்து மூடி, டேப் ஒட்டி, மேலே என் பெயரையும் போன் எண்ணையும் எழுதினேன்.

ஜூன் 14, சனி

டின்கள் போய்ச் சேர்ந்தன. வழக்கம்போல ஒவ்வொன்றையும் வாங்கியவர் கையில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார் அண்ணன். பாண்டியின் சிநேகிதனுக்குத் தமிழே தெரியவில்லையாம்.

ஜூலை 7, திங்கள்

அண்ணனைத் திருச்சி விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி வருகிற மனிதரை.

பாண்டி தந்த அந்தப் பொட்டலத்தில் இருந்தது தொண்ணூற்றிரண்டு சிம் கார்டு. எல்லாம் நம்ம ஊர்க்காரர்கள் பெயரில் வாங்கியவை. அங்கே இருக்கும் மோசடிக் கும்பல் அந்த எண்களிலிருந்து இங்கே கூப்பிட்டு, நாங்கள் போலீஸ் என்று மிரட்டியிருக்கிறது. கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரை ஒன்பது நாள் வீட்டைவிட்டு நகர விடாமல் கேமரா முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். சிம் விற்ற கடைக்காரன் ஓடிவிட்டான். அகப்பட்டது அண்ணனும் அவர் போனில் இருந்த போட்டோவும். போட்டோவில் டின். டின் மேல் என் பெயர்.

எப்.ஐ.ஆரில் அண்ணன் முதல் எதிரி. நான் இரண்டாம் எதிரி. யாருக்கு எதிரி? அந்த டீச்சர் முகம்கூட எனக்குத் தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

பாண்டியைப் பிடித்து உலுக்கினேன். பொட்டலம் அந்த சிம் கடைக்காரன் தந்ததாம், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாதாம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "அசன் அண்ணன்தான் உள்ள வச்சிருப்பாருன்னு சொல்லிரு அக்கா. அவருதான் ஏற்கனவே மாட்டிக்கிட்டாருல்ல."

அவனை அடித்தேன். முப்பது வயது ஆளை. அம்மா குறுக்கே வந்து விழுந்தாள்.

ஜூலை 10, வியாழன்

நானும் வீட்டுக்காரரும் சிவகங்கையில் வக்கீல் உடையப்பனைப் பார்த்தோம். முன்ஜாமீன் போடலாம் என்றார், கூடவே இரண்டு யோசனையும் சொன்னார்.

ஒன்று, உத்தரவு வரும்வரை நான் வீட்டில் இருக்கக் கூடாது. "நெற்குப்பைல ஒங்க சித்தி வீடு இருக்குன்னீகள்ல, அங்குட்டுப் போயி இருங்க. போனை அமத்திருங்க." கைது செய்யாதே என்று கேட்டு மனுப் போடுகிறவள் கைதுக்குப் பயந்து ஒளிய வேண்டுமாம். நல்ல வேடிக்கை. முடியாது என்றேன். நான் அடுப்பை மூடினால் அப்பவே ஊர் தீர்ப்பு எழுதிவிடும்.

இன்னொன்று, டின்னைக் கட்டியது மட்டும்தான் நான், வழியில் அதைத் திறந்து வைத்தது அசன் முகம்மது என்று மனுவில் எழுதலாம். அதற்கும் முடியாது என்றேன். நான் ஒட்டிய டேப் ஒட்டினபடியே போய்ச் சேர்ந்தது. போட்டோவைப் பார்த்தாலே தெரியும். அப்புறம் என்ன எழுதுவது என்று வக்கீல் எரிந்து விழுந்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுங்கள் என்றேன்.

பொட்டலம் தந்தது யார் என்று அவரிடமும் சொல்லவில்லை. இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

சிவகங்கை கோர்ட்டில் முன்ஜாமீன் தள்ளுபடி. நாடு தாண்டிய குற்றமாம், பின்னால் பெரிய கூட்டம் இருக்கிறதாம், காவலில் எடுத்து விசாரித்தால்தான் உண்மை வருமாம். எப்போது வேண்டுமானாலும் வந்து கூட்டிப்போகலாம்.

வீட்டுக்காரர் நெற்குப்பைக்குக் கிளம்பலாமா என்று கேட்டார். நாளைக்கு நாற்பது கிலோ மாவு அரைக்க வேண்டும் என்றேன். அவர் போய் மெஷினைப் போட்டார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, இன்றைக்குச் சந்தோஷமே பட்டேன்.

ஜூலை 21, திங்கள்

இன்று சிவகங்கை சைபர் போலீசுக்கு விசாரணைக்கு வரச்சொல்லி சனிக்கிழமை நோட்டீஸ் வந்திருந்தது. போகவே கூடாது, போனால் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று வக்கீல் போனில் கத்தினார். மாற்றுச் சேலையும் பல்பொடியும் பையில் வைத்துக்கொண்டு எட்டு மணி பஸ் ஏறிவிட்டேன்.

எஸ்.ஐ. ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். காலையிலிருந்து ஒரே கேள்வி: பொட்டலம் தந்தது யார்? நானும் ஒரே பதில்: கேட்காமல் கட்டுவதுதான் எங்கள் பழக்கம். மத்தியானம் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். சிம் வாங்கியவர்கள் பட்டியல். டீச்சரைக் கூப்பிட்ட எண்ணுக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

ஆயி, வயது 63, காரைக்குடி.

என் அம்மா.

தண்ணீர் கேட்டேன். குடித்தேன். பாண்டீஸ்வரன் என்று சொன்னேன். அந்தக் கடைக்காரன் பஸ் நிலையத்தில் குடை போட்டு சிம் விற்றபோது சாயங்காலத்தில் போய் உதவிக்கு நிற்பான், என் கூடப் பிறந்த தம்பி, அவன்தான் தந்தான், நான்தான் கட்டினேன்.

எழுதி வாங்கிக்கொண்டு, நாளைக்கும் வர வேண்டும் என்று சொல்லி ஆறு மணிக்கு விட்டார்கள். பஸ்ஸில்தான் அழுகை வந்தது. பதினாலு நாள். அண்ணன் பதினாலு நாளாக உள்ளே இருக்கிறார். வக்கீலிடமும் ஊரிடமும் வீராப்பாகப் பேசத் தெரிந்தது, தம்பி என்றதும் வாய் தானாக மூடிக்கொண்டதே. நானெல்லாம் ஒரு நியாயஸ்தி.

ஜூலை 22, செவ்வாய்

பாண்டி ராத்திரியே போய்விட்டான். அம்மா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "ஒத்தத் தம்பி. அவன் பேரச் சொல்லாட்டி ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அம்மாவுக்குப் புரியவில்லை. போன வருசம் உனக்கு சிம் வாங்கித் தந்தானே, எத்தனை தடவை ரேகை வைத்தாய் என்று கேட்டேன். யோசித்தாள்.

"ரெண்டு தடவ. மொதத் தடவ சரியா விழுகலன்னான்."

சரியாகத்தான் விழுந்திருக்கிறது அம்மா. இரண்டு தடவையும்.

அதற்குப் பிறகு அம்மா கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 23, புதன்

மூன்றாம் நாளும் போனேன், வந்தேன். அடுப்பு எரிகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

ஹைகோர்ட் மதுரைக் கிளையில் இன்று என் மனு. உண்மை முழுவதையும் மனுவில் எழுதச் சொன்னபோது உடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்களே போயி கூண்டுல ஏறுறீக." போலீசில் சொன்னதைக் கோர்ட்டில் மட்டும் மறைக்கணுமா என்று கேட்டேன். எழுதினார்.

நீதிபதி அரசு வக்கீலிடம் ஒன்றுதான் கேட்டார், நோட்டீசுக்கு இவர் வந்தாரா என்று. மூன்று நாளும் தானாகவே வந்தார், பதில் சொன்னார் என்று அவரே சொல்லிவிட்டார். முன்ஜாமீன் கிடைத்தது. முப்பது நாள் காலை பத்தரைக்கு சிவகங்கை சைபர் போலீசில் கையெழுத்து. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். இதுவரை ஒரு ஊருக்கும் போகாத பாஸ்போர்ட். தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

இதே வரிசையில் பாண்டியும் வேறொரு வக்கீலை வைத்து முன்ஜாமீன் கேட்டிருந்தான். தலைமறைவாக இருக்கிறார் என்று தள்ளுபடி ஆகிவிட்டது. நெற்குப்பை சித்தி வீட்டில்தான் இருந்திருக்கிறான். வக்கீல் எனக்குச் சொன்ன இடம். மத்தியானமே பிடித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வக்கீல் மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு ஏம் பேச்சக் கேட்டிருந்தீகன்னா இன்னைக்கு இது கெடச்சிருக்காது." எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் கையெழுத்து. பேனாவை அழுத்தி, நீலாயதாட்சி என்று முழுப் பெயரும் போட்டேன்.

அண்ணனுக்கும் ஜாமீன் கிடைத்து இன்று வந்துவிட்டார். அப்படியே பள்ளத்தூர் பஸ் ஏறிப் போய் வாசலில் நின்றேன். ஆள் பாதியாகியிருக்கிறார். உள்ளதைச் சொன்னேன், என் வாய் மூடியிருந்ததால்தான் இத்தனை நாள் என்று. மதினி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் மட்டும், "மெஷினு ஓடுதாம்மா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அடுப்படிச் சுவரில் அட்டை எழுதி மாட்டினேன்: பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் வைப்போம். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

முப்பதாவது கையெழுத்து. நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று எஸ்.ஐ. கேட்டார். இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக மாவு அரைப்பேன் என்றேன். சிரித்தார். வழக்கு இன்னும் இருக்கிறது, வருசக்கணக்கில் இழுக்கும். இழுக்கட்டும், நான் இங்கேதான் இருப்பேன்.

அம்மா பாண்டிக்குச் சீடை எடுத்துப் போகிறாளாம். ஜெயிலில் வாங்க மாட்டார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை, டப்பாவில் போட்டாள். ஆனால் மூடியை ஒட்ட வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் பர்வீன் மதினி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு அப்புறம் இப்போதுதான் வருகிறார். அண்ணன் பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது; வேறு யாரோ கம்போடியா போகிறார்களாம், பேத்திக்கு ஒரு டின் மனகோலம் வேண்டும் என்றார். மடியிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கை பழக்கத்தில் அப்படியே டின்னுக்குள் வைக்கப் போனேன்.

"அட்டையில என்ன எழுதிருக்க?" என்றார்.

"உங்க பொட்டலத்தையுமா மதினி?"

"ஏம் பொட்டலத்தத்தான் மொதல்ல பிரிக்கணும்."

பிரித்தேன். குழந்தைக் கொலுசு ஒரு ஜோடி. ஒன்றை மதினி எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், இன்னொன்றை நான். மறுபடியும் சுற்றி வைத்து, அவர் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் டேப் ஒட்டினேன்.