முனியாண்டி வாங்காத சூடம்

பாச்சாங், மலாக்கா
புதன்கிழமை

அன்பு மகள் மலர்விழிக்கு, உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி குஞ்சம்மாவும் மூச்சோடு இருக்கிறோம், அந்த நார்வே குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் சித்தி ஒட்டுக்கேட்பாள், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், உடனே படி.

நம் பழைய தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில், நீ அங்கே செய்கிறாயே அதே வேலை, புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் முனியாண்டி கோயில் பள்ளத்துக்கு மேலே மேட்டோரமாகப் போகிறது. கோயில் கூட்டத்தில் எல்லாரும் பயந்தபோது எழுந்து பேசியவன் நான்தான். உலகத்துப் புகையையெல்லாம் கடலுக்கடியில் புதைப்பதே என் மகள்தான், அவளைக் கேட்டுத்தான் கம்பெனிக்காரன் குழாயே போட்டான், ஒன்றும் ஆகாது என்று ஒரு போடு போட்டேன். ஐந்நூறு பேர் கை தட்டினார்கள், சித்தி முப்பது பேர் என்பாள், அவளுக்கு எண்ணத் தெரியாது.

போன வெள்ளி காலை மழை விட்டுக் காற்றே இல்லை. உன் பிறந்தநாளுக்குச் சூடம் ஏற்ற மூவரும் பள்ளத்தில் இறங்கினோம், நான், சித்தி, பூசாரி திருச்செல்வம். தீக்குச்சி மேலே நன்றாக எரிகிறது, குனிந்து தட்டுக்குக் கொண்டுபோனால் யாரோ விரலால் நசுக்கினாற்போல அணைகிறது. பதினோரு குச்சி. முனிக்குப் பற்றவைத்த சுருட்டு கீழே வைத்ததும் கறுத்துப்போனது. முனிக்கு நேர்ந்து காலைக் கட்டிப்போட்ட சேவல் கத்தவேயில்லை, கண்ணைத் திறந்தபடியே தலையை மண்ணில் சாய்த்துவிட்டது. வாடையில்லை, சத்தமில்லை. தரையில் ஓர் எறும்புகூட நகரவில்லை, மலர்.

நான் பாய்ந்து இருவரையும் தூக்கிக்கொண்டு மேடேறினேன் என்றுதான் பாச்சாங் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், சேவலை எடுக்கக் குனிந்தவன் மார்படைத்து முழங்கால் மடிந்து விழுந்தேன், சித்திதான் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாள்.

அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கும் என்று நீதானே ஒருமுறை சொன்னாய்? கம்பெனி ஆளிடம் கேட்டேன், மீட்டரில் ஒன்றும் காட்டவில்லை என்கிறான். மீட்டர் என் தலைக்கு மேலே கம்பத்தில் தொங்குகிறது. சித்தியோ, சாமி புள்ளையோட சூடத்த வாங்கமாட்டேங்குது, அவ உசுருக்கு என்னமோ வருதுலா என்று அழுகிறாள். இந்த வெள்ளி விடிந்ததும் போய், சூடம் பற்றும்வரை சன்னதியில் குப்புற விழுந்து கிடக்கப்போகிறாளாம். குழாய்தான் காரணம் என்றேன். அன்னிக்கு மலர் பேரச் சொல்லி ஒன்னும் ஆகாதுன்னீங்க, இன்னிக்கு சாமி கோவத்தக் கொழாய் மேல போடுறீங்களா என்கிறாள்.

பள்ளத்துப் படிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன். இன்று காலை மேலிருந்து பார்த்தால் சன்னதியில் புதுச் சூடம், எரியாமல் வெள்ளையாக. சங்கிலி தாண்டி யாரோ இறங்கியிருக்கிறார்கள். ஏறினார்களா என்று இறங்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லை, திருச்செல்வத்தை வீடுவீடாக விசாரிக்க அனுப்பியிருக்கிறேன்.

நீ நூறாண்டு இரு தாயி. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. வியாழனுக்குள் சித்தியைக் கூப்பிடு. சித்தப்பா கூட்டத்தில் சொன்னது பொய் என்று உன் வாயால் சொல். என்னைத் திட்டியே சொல்.

கூட்டத்தில் எழுந்து பேசிய உன் சித்தப்பா,
வீராசாமி