நண்டு உடைத்த கை

சனிக்கிழமை, இரவு.

எங்கள் வீட்டில் மீனும் இல்லை, பாலும் முட்டையும் இல்லை. எந்த உயிரையும் வருத்த எனக்கு மனம் வராது. வெளியில் விரும்பியதைச் சாப்பிடலாம் என்று மகளிடம் சொன்னதும் நான்தான். இன்று பக்கத்து வீட்டு அக்கா ஊர்காவற்றுறையில் நண்டு வாங்கிக் கூழ் காய்ச்சினா. மகள் ஆசையாகக் குடித்துவிட்டு வந்தாள். நான் வாய் திறக்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன முகம் சொல்லியிருக்கும்.

என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். இன்று பாயைத் தள்ளிப் போட்டாள்.

"ஏன் பிள்ளை?"

"மச்சம் சாப்பிட்டனான் அம்மா. நாளைக்கு முழுகிப்போட்டு உங்களிட்ட வாறன்."

மீன், நண்டு சாப்பிட்டால் முழுகவேண்டும் என்று, கோயிலுக்குப் போவதற்காக நான் சொல்லிக் கொடுத்தது அது. இழுத்து அணைத்தேன். நண்டு உடைத்த கை என்மேல் படாமல், அதை விலக்கிப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.