கல்லுப்பட்டி அய்யாவின் மோட்டார் சைக்கிள்

புரட்டாசி 9, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது. கல்லுப்பட்டிப் பண்ணையாரின் பழைய மோட்டார் சைக்கிள் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. எஞ்சின் தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட் போச்சு. உதைத்துக் கிளப்பினால் அந்த இடுக்கு வழியே 'புஸ் புஸ்' என்று புகையும் எண்ணெயும்.

முதலாளி என்னிடம்தான் கொடுத்தார். "சனிக்கெழம அய்யா வந்து ஓட்டிப் பாப்பாக. ஒரு சொட்டு ஒழுகப்படாது." பெரிய மேஸ்திரி வேலையை விட்டுப் போகிறார். அந்த இடம் எனக்கா, வேலுவுக்கா? இந்த வண்டியில் தெரிந்துவிடும் என்று பட்டறை முழுக்கப் பேச்சு.

வேலு என் தங்கை செல்லத்தின் புருஷன். இரண்டு வருஷம் முன்னால் நானே கெஞ்சிச் சேர்த்துவிட்ட ஆள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வாங்க வேண்டியது: செம்புத் தகடு, மண்ணெண்ணெய், பாப்பாவுக்கு இருமல் மருந்து.

புரட்டாசி 10, புதன்

வெயில். செம்புத் தகட்டில் புது கேஸ்கட்டுக்கு வளையம் வெட்டி, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி இளக்கியாயிற்று. மூடுமுன் வழக்கம்போல் வளையத்துக்கு அடியில் சொக்கநாதர் சன்னதித் திருநீறு, ஒரு சிட்டிகை. யாருக்கும் தெரியாது. முதன்முதலில் தனியாக ஒரு லாரி எஞ்சின் மூடிய அன்று போட்டேன், நன்றாக ஓடியது. அன்றிலிருந்து விடவில்லை.

பழங்காநத்தம் வரை ஓட்டினேன். ஒழுகல். முழங்கால் வரை எண்ணெய். தள்ளிக்கொண்டே திரும்பினேன்.

வேலு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "வெயில்ல நிக்காதீக மச்சான், உள்ள வாங்க" என்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அம்புட்டு நல்லவனாம்!

வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டியும் அவன் புராணம்தான். "செல்லத்து வீட்டுக்காரரு கை பட்டா எந்த வண்டியும் கெளம்பிருமாம்ல?"

புரட்டாசி 11, வியாழன்

புது வளையம். திருநீறு இந்தத் தடவை இரண்டு சிட்டிகை. கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். வண்டிக்காக மட்டும் இல்லை. மற்றதை இங்கே எழுதக்கூட வெட்கம்.

முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது.

முதலாளி, எல்லோர் முன்னாலும்: "நீ விடுப்பா. மாப்ளகிட்ட குடு."

வயிறு எரிகிறது. எழுதுவதற்கென்ன, எரிகிறது.

புரட்டாசி 12, வெள்ளி

கா. 8 மணிக்கு வேலு எஞ்சினைத் திறந்தான். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். வளையத்தின் அடியில் திருநீறு கட்டி தட்டிக் கிடந்தது. அதை ஒட்டி எண்ணெய் வழி பண்ணிக்கொண்டு போன கறுப்புத் தடம். எனக்குப் புரிந்துவிட்டது. லாரியின் தடித்த கேஸ்கட் தாங்கியதை இந்த மெல்லிய செம்பு தாங்கவில்லை. அடப்பாவி, ஒழுக ஒழுக இன்னும் அள்ளிப் போட்டிருக்கிறேனே!

அவனுக்கும் புரிந்தது. என்னை ஒரு தரம் பார்த்தான். துணியால் துடைத்தான். என் வளையத்தையே மறுபடி காய்ச்சிப் போட்டு, நட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் முறுக்கினான். திருப்பரங்குன்றம் போய்விட்டு வந்தான். சொட்டு எண்ணெய் இல்லை.

முதலாளியிடம் சொல்லப் போகிறான் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். வாயே திறக்கவில்லை. நாளைக்குப் பண்ணையார் முன்னால் சொல்வான். நானாக இருந்தால் அப்படித்தான்.

புரட்டாசி 13, சனி

விடியற்காலை நல்ல மழை, பிறகு தெளிவு. பண்ணையார் வந்தார், ஓட்டினார், சிரித்துக்கொண்டே இறங்கினார். "யாருப்பா பாத்தது?"

முதலாளி வேலுவைக் காட்டினார்.

வேலு: "வளையம் மச்சான் செஞ்சதுங்கய்யா. நான் நட்டை முறுக்குனேன், அம்புட்டுத்தேன்."

பண்ணையார் என் முதுகில் தட்டினார். மத்தியானம் முதலாளி கூப்பிட்டு மேஸ்திரி இடம் எனக்கு என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் பாயசம். செல்லம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. "எனக்குத் தெரியும்ண்ணே, ஒனக்குத்தேன் கெடைக்கும்னு." வேலு இரண்டு தம்ளர் குடித்தான். வாசலில் தனியாக நிறுத்திக் கேட்டேன்.

"ஏன் மாப்ள சொல்லல?"

"எதை மச்சான்?"

முகத்தில் ஒன்றுமே இல்லை. நிஜமாகவே ஒன்றுமே இல்லை.

நேற்று வரை அவன் கை மேல்தான் எனக்குப் பொறாமை.